புளிப்பை விட்டுக்கொடுக்காத ஒரு குடும்பம்



மகளோடு பெல்ஜியம் போய் வந்த கதையை எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். சாக்லேட் கடைகளைப் பற்றியும் பழைய சதுக்கத்தைப் பற்றியும் எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதப்போவது ஒரு பீர் ஆலையைப் பற்றி. "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். பதிவு கொஞ்சம் நீளம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியால் கெட்ட குடும்பங்களை நம் தெருவிலேயே பார்த்தவள் நான். குடியைப் புகழ்ந்து எழுத எனக்கு மனசு வராது. இது ஒரு தொழிலின் வரலாறு. நாலு தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரு கைத்தொழிலை எப்படிக் காப்பாற்றியது என்பதன் கதை. அதோடு, நான் உங்களுக்கு நடத்திய ஒரு பாடத்துக்கான திருத்தமும் இதில் இருக்கிறது.

நுண்ணுயிரிகள் பாடத்தில் கரும்பலகையில் ஒரு வரி எழுதிப் போடுவேன், நினைவிருக்கிறதா? "சர்க்கரையை ஈஸ்ட் உடைக்கிறது, ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன." அந்த வரி தப்பில்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள நான் ஓய்வு பெற்று, பிரஸ்ஸல்ஸ் போக வேண்டியிருந்தது.

பிரஸ்ஸல்ஸில் மிடி என்று ஒரு பெரிய ரயில் நிலையம். லண்டன், பாரிஸ் ரயில்கள் வந்து நிற்கும் இடம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஆண்டர்லெக்ட் என்ற பகுதி வருகிறது. உழைக்கிற மக்களும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் நிறைந்த சாதாரணத் தெருக்கள். அதில் ஒரு தெருவில், ஏதோ வண்டி நிறுத்தும் கொட்டகை என்று நினைத்துக் கடந்து போய்விடக்கூடிய ஒரு செங்கல் கட்டடம். அதுதான் கான்டியோன் பீர் ஆலை. 1900-இல் தொடங்கியது. இன்றும் அதே இடம், அதே குடும்பம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. ஈர மரம், பழம், புளித்த மாவு மூன்றும் கலந்த ஒரு வாசனை. கண் பழகிய பிறகு பார்த்தால் உத்தரத்தில் சிலந்தி வலைகள். என் மகள் முகத்தைச் சுளித்தாள். பிறகுதான் தெரிந்தது, அங்கே சிலந்தியைக் கொல்வதில்லை. பழம் இருக்கும் இடத்துக்கு ஈயும் பூச்சியும் வரும். மருந்து அடித்தால் காற்றில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கும் கேடு. அதனால் பூச்சி பிடிக்கும் வேலையைச் சிலந்தியிடம் விட்டுவிட்டார்கள்.

இவர்கள் காய்ச்சும் பீருக்கு லாம்பிக் என்று பெயர். பிரஸ்ஸல்ஸையும் அதைச் சுற்றியுள்ள சென் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் சேர்ந்த பழைய வகை. செய்முறையைச் சொல்கிறேன், கவனியுங்கள்.

ஒரு காய்ச்சலுக்குச் சுமார் 1300 கிலோ தானியம். அதில் மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டிக் காயவைத்த பார்லி. மீதி முளைகட்டாத பச்சைக் கோதுமை. அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை வடிக்கிறார்கள். அந்தச் சாற்றோடு ஹாப் பூவைச் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறார்கள். மற்ற ஆலைகள் புதிய ஹாப் பூவைத் தேடும். இவர்கள் சேர்ப்பதோ மூன்று வருடம் கிடந்து மணமும் கசப்பும் போன பழைய பூ. கெட்டுப்போகாமல் காக்கும் குணம் அதில் இன்னும் இருக்கும். அது போதும் இவர்களுக்கு. கொதித்துக் கொதித்துப் பத்தாயிரம் லிட்டர் சாறு சுமார் 7500 லிட்டராகச் சுண்டுகிறது.

இதற்கு மேல்தான் விசேஷம். சுண்டிய சாற்றைக் கட்டடத்தின் உச்சியில், ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் ஒரு தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். செம்பால் செய்தது. ஓர் அறை அளவுக்கு அகலம், ஆனால் ஆழம் குறைவு. பெரிய தாம்பாளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூடி கிடையாது. சாறு இரவு முழுக்க அதில் ஆறுகிறது. குளிர்காற்று உள்ளே வருகிறது. காற்றில் மிதப்பதும், கூரையிலும் மரத்திலும் குடியிருப்பதும் ஆகிய நுண்ணுயிர்கள் அதில் வந்து இறங்குகின்றன. மறுநாள் காலை சாற்றை ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்புகிறார்கள். ஒரு சிட்டிகை ஈஸ்ட்கூட யாரும் போடுவதில்லை. சில நாளில் பீப்பாயின் வாய் வழியே நுரை பொங்கி வழிகிறது.

நம் வீட்டில் இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் போடுகிறோம்? உளுந்தோடு வரும் நுண்ணுயிர்தானே பொங்க வைக்கிறது? அங்கேயும் அப்படித்தான். நம் மாவு ஒரு ராத்திரியில் பொங்கிவிடும். அவர்கள் மாவு பொங்கி அடங்க ஒன்றிலிருந்து மூன்று வருடம் ஆகும்.

இப்போது என் திருத்தத்துக்கு வருகிறேன். அந்தப் பீப்பாய்க்குள் வேலை செய்வது ஈஸ்ட் மட்டுமில்லை, ஒரு கூட்டம். முதல் சில வாரங்கள் குடல்வாழ் பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை. அவை அடங்கியதும் நாம் படித்த சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் வந்து சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்று தீர்க்கிறது. அதன் பிறகு, வெயில் காலம் வரும்போது, தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்தின் உறவான பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கிறது. கடைசியாகப் பிரெட்டனோமைசிஸ் என்ற நிதானமான ஈஸ்ட். மற்றவை தின்ன முடியாமல் விட்டதை அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தின்கிறது. ஒன்று தன் வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்கு இடம் விடுகிறது.

இந்தப் பிரெட்டனோமைசிஸை 1904-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்பவர் ஆங்கிலேய பீரிலிருந்து பிரித்தெடுத்தார். "பிரிட்டிஷ் பூஞ்சை" என்பதுதான் பெயரின் பொருள். 1921-இல் லாம்பிக் பீரிலிருந்து பிரித்த வகைக்கு, பிரஸ்ஸல்ஸ் நகரின் பெயரையே சேர்த்து, பிரெட்டனோமைசிஸ் பிரக்ஸெல்லென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க இதன் இன்னொரு பெயர் என்ன தெரியுமா? "திராட்சை மதுவைக் கெடுக்கும் கிருமி". ஓர் இடத்தில் கிருமி, இன்னோர் இடத்தில் குடும்பத்துக்குச் சோறு போடும் சாமி.

அப்படியானால் நான் ஏன் உங்களுக்கு ஒற்றை ஈஸ்ட்டை மட்டும் கற்பித்தேன்? அதற்கும் வரலாறு இருக்கிறது. 1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தன் ஆய்வு நூலை வெளியிட்டார். பீர் கெடுவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்கள் என்று காட்டினார். 1883-இல் அதே கார்ல்ஸ்பெர்க்கில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பு எடுத்துக் காட்டினார். அதோடு குளிர்சாதன இயந்திரமும் சேர்ந்தது. இனி வெயில் காலத்திலும் காய்ச்சலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே ருசி வரும். சில வாரத்தில் விற்றுவிடலாம். தொழிற்சாலைக்கு வேறென்ன வேண்டும்? உலகம் அந்தப் பக்கம் போனது. பாடப்புத்தகமும் அந்தப் பக்கமே போனது. நானும் போனேன்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு 1900-ஐப் பாருங்கள். தூய ஈஸ்ட் வந்து பதினேழு வருடம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான், பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த போல் கான்டியோனும் அவர் மனைவி மரி ட்ரோக்கும் ஆண்டர்லெக்டில் இந்த இடத்தில் தொழில் தொடங்குகிறார்கள்.

அவர்கள் முதலில் காய்ச்சவில்லை. பல ஆலைகளிடம் லாம்பிக் வாங்கி, தங்கள் பீப்பாய்களில் வைத்து முதிர வைத்து, கலந்து, புட்டியில் அடைத்து விற்றார்கள். அந்தக் காலத்தில் அது தனித் தொழில். ஒரு வருடப் பீர், இரண்டு வருடப் பீர், மூன்று வருடப் பீர் ஆகியவற்றை ருசி பார்த்து அளவோடு கலப்பார்கள். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை, மூடிய புட்டிக்குள் மறுபடி நொதித்து நுரையைக் கொடுக்கும். முற்றியது மணத்தைக் கொடுக்கும். இந்தக் கலவைக்குக் கோஸ் என்று பெயர். முட்டைக்கோஸ் இல்லை! ஷாம்பெயின் போலத் தடித்த புட்டி, தக்கை மூடி.

கலப்பதற்கு எழுதி வைத்த சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு பீப்பாயும் ஒரு மாதிரி இருக்கும். வருடத்துக்கு வருடம் மாறும். நாக்குதான் அளவுகோல். நம் ஊர்க் கல்யாணச் சமையல்காரர் உப்பு பார்ப்பதைப் போல.

1900-இல் பெல்ஜியம் என்ற அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. முதல் உலகப் போர் வந்தது. நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன் ராணுவம் ஆலைகளின் செம்புப் பாத்திரங்களைப் பிடுங்கி உருக்கிக்கொண்டது. பாத்திரம் போனால் பீர் ஆலை ஏது? 1920-இல் எண்ணிப் பார்த்தபோது சுமார் இரண்டாயிரம்தான் மிஞ்சியிருந்தது. போலும் மரியும் காய்ச்சுபவர்களாக இல்லாமல் கலப்பவர்களாக இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பீப்பாயும் நாக்கும்தான்.

அவர்களின் மகன்கள் ரொபேரும் மார்செலும் தொழிலுக்குள் வந்தார்கள். 1937-இல் வேறொரு ஊரில் மூடிப்போன ஆலையின் பழைய சாதனங்களை வாங்கிப் பொருத்தினார்கள். 1938-இல் கான்டியோன் குடும்பம் முதன்முதலாகத் தன் லாம்பிக்கைத் தானே காய்ச்சியது. நேரம் பார்த்தீர்களா? அடுத்த வருடம் இரண்டாம் உலகப் போர். 1940 மே மாதம் ஜெர்மனி மறுபடி பெல்ஜியத்துக்குள் வந்தது. ஆளும் இல்லை, தானியமும் இல்லை. தொழில் ஏறக்குறைய முடங்கியது. அன்று பழையதாக வாங்கிய சாதனங்கள்தான் இன்றும் தோல் பட்டைகளோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பதை நேரில் பார்த்தபோது, அந்தப் பல்சக்கரங்கள்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

போர் முடிந்ததும் தொழில் எழுந்தது. 1958-இல் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி. அணு வடிவில் ஒரு கோபுரம் கட்டினார்களே, அட்டோமியம், அந்தக் கண்காட்சிதான். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். கான்டியோனுக்கும் நல்ல ஆண்டு. அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. இரண்டு போரில் தப்பியவர்களுக்கு மூன்றாவதாக வந்த எதிரி சர்க்கரை.

குளிர்பானங்கள் வீடு வீடாக நுழைந்தன. புதுத் தலைமுறையின் நாக்கு இனிப்புக்குப் பழகியது. புளிப்பு என்றால் கெட்டுப்போனது என்ற எண்ணம் வந்துவிட்டது. இதைச் சரியாகக் கணித்தது அதே லாம்பிக் தொழிலில் இருந்த பெல்-வு என்ற நிறுவனம். அதுவும் ஒரு குடும்பம் தொடங்கியதுதான், 1913-இல். அந்தக் குடும்பத்தின் கான்ஸ்டன்ட் வான்டன் ஸ்டாக், போருக்குப் பிறகு கோஸ் பீரை வடிகட்டி, இனிப்பூட்டி, சின்னப் புட்டியில் தகர மூடியோடு விற்றார். அமோக விற்பனை. ஒவ்வொன்றாகப் பழைய லாம்பிக் ஆலைகளை வாங்கிச் சேர்த்தார்கள். உங்களில் கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஆண்டர்லெக்ட் அணி தெரிந்திருக்கும். அதன் தலைவராக நெடுங்காலம் இருந்தவரும் இதே கான்ஸ்டன்ட்தான். 2019 வரை மைதானத்துக்கே அவர் பெயர்தான் இருந்தது.

அவரை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். மக்கள் கேட்டதைக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் விளைவு? "கோஸ்" என்றால் இனிப்பு பீர் என்று ஆகிவிட்டது. உண்மையான கோஸை வைத்தால், "என்ன இது, புளிக்கிறதே!" என்று திருப்பிக் கொடுக்கிற நிலை வந்தது. மூன்று வருடம் காத்திருந்து செய்தவர்கள், மூன்று மாதத்தில் செய்பவர்களோடு எப்படிப் போட்டி போடுவது? ஒவ்வொரு ஆலையாக மூடியது.

பழ பீருக்கும் இதே கதி. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது.

பிரஸ்ஸல்ஸின் வடக்கே ஸ்கார்பேக் என்று ஒரு பகுதி. இன்று முழுக்க நகரம். ஒரு காலத்தில் கிராமம், செர்ரித் தோப்புகள். அங்கே விளைந்தது சின்னதான, கறுஞ்சிவப்பான, புளிப்புச் செர்ரி. கழுதை முதுகில் ஏற்றி நகரத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்களாம். அதனால் ஸ்கார்பேக்குக்கே "கழுதைகளின் ஊர்" என்று பட்டப்பெயர். இந்தப் புளிப்புச் செர்ரியைத்தான் அந்த ஊர்ப் பேச்சில் க்ரீக் என்பார்கள். அதைப் போட்டுச் செய்யும் பீருக்கும் அதே பெயர்.

செய்முறை எளிது. பொறுமைதான் பெரிது. ஒரு லிட்டருக்குச் சுமார் 200 கிராம் கணக்கில் பழத்தைக் கொட்டையோடு முழுசாகப் பீப்பாயில் போட்டு, ஒன்றரை இரண்டு வருடம் முதிர்ந்த லாம்பிக்கை ஊற்றுகிறார்கள். பழத்தின் சர்க்கரையைக் கண்டதும் தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் எழுந்துகொள்கிறது. மறுபடி நொதிக்கிறது. சில மாதத்தில் நிறமும் மணமும் சாறும் பீருக்குள் இறங்கிவிடும். சர்க்கரை முழுக்கத் தின்னப்பட்டுவிடும். கொட்டையிலிருந்து லேசாக ஒரு பாதாம் வாசனை வரும். வடித்து, கொஞ்சம் இளம் லாம்பிக் சேர்த்து, புட்டியில் அடைப்பார்கள். பழ பீர் என்றால் இனிக்கும் என்று நினைப்போம். இதில் பழத்தின் இனிப்பு ஒரு துளிகூட மிச்சமிருக்காது. பழத்தின் மணமும் புளிப்பும்தான் இருக்கும். மகளின் கோப்பையிலிருந்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், மறைக்கவில்லை. சின்ன வயதில் காட்டில் பறித்துத் தின்ற களாக்காய் ஞாபகம் வந்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

நகரம் வளர வளர ஸ்கார்பேக்கின் தோப்புகள் போயின. மரம் குறைந்தது, பழம் விலை ஏறியது. பழத்துக்குப் பதில் பழச்சாறும் பாகும் இனிப்பும் கலந்து "க்ரீக்" என்ற பெயரில் விற்பது பல நிறுவனங்களுக்குச் சுலபமாகப் போயிற்று. வாங்குபவருக்கும் அதுதான் பிடித்தது.

1960களின் இறுதியில் கான்டியோன் வீட்டின் நிலைமை இதுதான். இரண்டாம் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. விற்பனை சரிகிறது. ஆலையை ஏற்க வந்தவர் மார்செலின் மருமகன். மகள் க்ளோடை மணந்த ழான்-பியேர் வான் ரோய். பீர்த் தொழிலில் பிறந்தவர் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. மூடுவது. எல்லோரையும் போல இனிப்புக்கு மாறுவது. அல்லது இப்படியே இருந்து மெல்ல மெல்லச் சாவது.

அவர் நாலாவதாக ஒன்றைச் செய்தார். 1978-இல் ஆலையையே அருங்காட்சியகமாக்கினார்.

காட்சிப் பெட்டி வைத்த அருங்காட்சியகம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலைதான் காட்சி. கதவைத் திறந்துவிட்டார். சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். சாக்கு மூட்டையிலிருந்து செம்புத் தொட்டி வரை, பீப்பாய் வரை சுற்றிப் பார்க்கலாம். கடைசியில் ஒரு கோப்பை ருசிக்கலாம். குளிர்காலத்தில் சில நாட்கள், விடிவதற்கு முன்பே வந்தவர்களுக்குக் காய்ச்சுவதையே காட்டினார்கள். அந்த வழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அவர் பீரை ஒரு சொட்டுக்கூட மாற்றவில்லை. ஆளை மாற்றினார். எப்படிச் செய்கிறார்கள், ஏன் மூன்று வருடம் ஆகிறது, ஏன் புளிக்கிறது என்று கண்ணால் பார்த்தவன் "கெட்டுப்போச்சு" என்று சொல்ல மாட்டான். சீட்டுக் காசு ஒரு வருமானம். அதைவிடப் பெரிய வருமானம், விஷயம் தெரிந்த வாடிக்கையாளர். ஒரு தொழிலாளி செய்திருக்கிற இந்த வேலையை நான் ஆசிரியர் வேலை என்றுதான் சொல்வேன்.

சட்டம் அவர்களுக்குப் பெரிதாக உதவவில்லை. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பாதுகாப்பு கொடுத்தது. "பழைய கோஸ்", "பழைய க்ரீக்" என்று லேபிளில் போட வேண்டுமானால் பாரம்பரிய முறைப்படி செய்திருக்க வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் "பழைய" என்ற அடைமொழி இல்லாமல் வெறும் கோஸ், வெறும் க்ரீக் என்று இனிப்பு பீரை விற்கத் தடையில்லை. உண்மையானது அடைமொழி போட வேண்டும், மாற்றியது பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்றால் அது என்ன நியாயம்? அதே ஆண்டு மற்ற லாம்பிக் தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். கான்டியோன் அதில் சேரவில்லை. தன் லேபிளில் "நூறு சதவீதம் லாம்பிக்" என்று மட்டும் போட்டுக்கொண்டது.

பிறகு மகன் ழான் வான் ரோய் பொறுப்புக்கு வந்தார். நாலாவது தலைமுறை. தந்தை காப்பாற்றிக் கொடுத்ததை மகன் கொஞ்சம் விரித்தார். செர்ரி, ராஸ்பெர்ரி, திராட்சை ஆகியவற்றோடு ஆப்ரிகாட் வந்தது. ருபார்ப் தண்டு வந்தது. பழங்கள் புதுசு, முறை பழசு. 21-ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இத்தாலியிலும் புளிப்பு பீருக்கென்றே ரசிகர்கள் கிளம்பினார்கள். ஒரு காலத்தில் திருப்பிக் கொடுக்கப்பட்ட அதே புட்டிக்கு இன்று ஆளுக்கு இத்தனைதான் என்று அளவு வைத்து விற்கிறார்கள்.

இன்னொரு பக்கம் பெல்-வு என்ன ஆனது? 1991-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்றும் பீர் வருகிறது. ஆனால் பிரஸ்ஸல்ஸ் கால்வாய் ஓரத்தில் இருந்த அவர்களின் பழைய ஆலைக் கட்டடம் இப்போது பயணிகள் தங்கும் விடுதி. கொட்டகை மாதிரி இருக்கும் கட்டடத்தில்தான் இன்னும் சாறு கொதிக்கிறது.

"அப்படியானால் ழான் பத்து மடங்கு காய்ச்சிப் பணக்காரர் ஆகலாமே?" என்று கணக்குப் போடுவீர்கள். முடியாது. பீப்பாய் வைக்கப் பக்கத்தில் கூடுதலாக இடம் பிடித்தார்கள். ஆனால் காற்றை எங்கே வாங்குவது? வெயில் காலத்தில் இரவு குளிராது, காற்றில் வேண்டாதவையும் அதிகம். அதனால் குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்சலாம். தாத்தா காலத்தில் அக்டோபர் நடுவில் தொடங்கினால் மே வரை காய்ச்சுவார்களாம். அப்படி ஒரு பருவத்தைத் தான் பார்த்ததே இல்லை என்கிறார் பேரன். 2015 நவம்பரில் இரவுகள் குளிரவே இல்லை. காய்ச்சுவதையே நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள்.

இரண்டு உலகப் போரும் சர்க்கரையும் செய்யாததைப் புவி வெப்பமடைதல் செய்துவிடுமோ என்பதுதான் இன்று அந்தக் குடும்பத்தின் கவலை. குளிர்சாதனம் வைத்துக் குளிர வைக்கலாமே என்றால், அப்புறம் அது இரவுக் காற்று இறங்கிய லாம்பிக் ஆகாது. 2016-இல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பட்டியலில் பெயர் இருந்தால் இரவு குளிர்ந்துவிடுமா?

அங்கிருந்து வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, எனக்கு உங்களில் ஒருவனின் ஞாபகம் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரியும். அப்பா மரச்செக்கு வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "செக்கையே பார்த்துக்கொள்ளவா, டீச்சர்?" என்று கேட்டான். "பாக்கெட் எண்ணெய் வந்தாச்சு, இனி செக்கு எங்கே ஓடும்? படிக்கப் போ" என்றேன். போனான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான். செக்கு விறகாகப் போயிற்று. இப்போது அதே ஊரில் "மரச்செக்கு எண்ணெய்" என்று பலகை போட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

நான் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. அன்றைய நிலையில் அதைத்தான் சொல்லியிருக்க முடியும். பிடிவாதமாக நின்றவர்கள் எல்லோரும் பிழைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கான்டியோன் போலவே விட்டுக்கொடுக்காமல் நின்று மூடிப்போன லாம்பிக் வீடுகள் ஏராளம். ஆனால் ஒன்றை அவனிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். "செக்கு ஓடாததற்குக் காரணம் எண்ணெயா, அதன் அருமை தெரியாத நாமா?" என்று கேட்டிருக்கலாம். ழான்-பியேர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். பொருளில் குறை இல்லை, தெரியாமைதான் குறை என்று பதில் வந்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

உங்களில் பலருக்குத் தறி, பட்டறை, உலை, அடுப்பு என்று ஏதாவது ஒரு குடும்பத் தொழில் இன்னும் மிச்சமிருக்கலாம். பிள்ளைகள் "மூடிவிடலாமா?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். முதலில் நாலு பேரை உள்ளே கூட்டிவந்து, எப்படிச் செய்கிறோம் என்று காட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மூட வேண்டியிருந்தால் மூடுங்கள்.

அந்தக் கரும்பலகை வரியையும் திருத்திக்கொள்ளுங்கள். "ஈஸ்ட்" என்று நான் எழுதிய இடத்தில் "ஈஸ்ட்டும் இன்னும் பலவும்" என்று எழுதிக்கொள்ளுங்கள். காலதாமதத்துக்கு மன்னிக்கவும். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். உங்கள் வீட்டுத் தொழில் என்னவாக இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்